கரையேறிய இரும்பு

யுத்த காலத்து டாங்கி ஒன்று கடலுக்கடியில் நாற்பது வருஷம் கிடந்து, பிறகு கரையேறி, இன்று ஒரு கிராமத்தின் ஓரத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது என்றால் வாசகர்களுக்குக் கட்டுக்கதைபோலத் தோன்றலாம். இங்கிலாந்தின் தென்கரையில் டார்கிராஸ் என்ற சிற்றூரில் அதைக் காணலாம். ஆனால் அத்தனை தூரம் போகுமுன், தமிழ் வழங்கும் திரிகோணமலையில் கரையேறிய ஓர் இரும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என் மனத்தில் உறுத்தும் விஷயம் விளங்கும்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திரிகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு மாரி பொழிந்தன. நான்கு நாள் முன்னால்தான் கொழும்பைத் தாக்கியிருந்தன. சென்னைப் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊர்ப்புறங்களுக்கு ஓடிய மாதம் அது. திரிகோணமலையில் தீப்பற்றிய கப்பல்களில் ஒன்றின் பெயர் 'சகாயிங்'. ஐராவதிக் கரையிலுள்ள ஒரு பர்மிய ஊரின் பெயர். 1924-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, பர்மா வியாபாரத்துக்காக ஓடிய கப்பல். எரிந்துபோன அதன் கூட்டை 1943-இல் வேண்டுமென்றே மூழ்கடித்து, மற்றக் கப்பல்கள் வந்து அணையும் துறையாக உபயோகித்தார்கள்.

எழுபத்தைந்து வருஷம் அப்படியே கிடந்தது. 2017-இல் இலங்கைக் கடற்படை அதை மிதக்க வைக்கும் வேலையைத் தொடங்கியது. 450 அடிக்கு மேல் நீளமுள்ள பூதம்! முக்குளிப்பவர்கள் மாதக் கணக்கில் நீருக்கடியில் உழைத்தார்கள். சிதைந்த பக்கத்துக்குப் புதிதாக ஒரு சுவர் கட்டி, உள்ளிருந்த நீரை இறைத்தார்கள். 2018 மார்ச்சில் கப்பல் மிதந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? துறைமுகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அதை இழுத்துப்போய், ஆழ்கடலில் மறுபடி மூழ்கடித்து விட்டார்கள்.

இப்போது டார்கிராஸுக்கு வருவோம். 1944-இல், நார்மண்டிப் படையெடுப்புக்கு முன்னால், அமெரிக்கப் படைகள் அந்தக் கரையில் ஒத்திகை நடத்தின. ஏப்ரல் 28 அதிகாலையில் ஜெர்மானிய வேகப் படகுகள் ஒத்திகைக் கப்பல்களுக்குள் புகுந்து, 700-க்கு மேற்பட்ட வீரர்களைப் பலிகொண்டன. அதைப்பற்றி வெகுகாலம் பேச்சு மூச்சில்லை. கரையை ஒட்டிய கடலில் அந்த நாட்களில் மூழ்கிய ஒரு ஷெர்மன் டாங்கி இருந்தது. கித்தான் திரையை உயர்த்தி நீரில் மிதந்து வரும் வகை அது. இந்த வகை எத்தனை நம்பகமானது என்பதற்கு ஒரு கணக்குப் போதும்: படையெடுப்பு நாளில் ஒமாகா கரைக்கு எதிரே ஒரு படைப்பிரிவு கடலில் இறக்கிய 29-இல் 27 மூழ்கின.

கென் ஸ்மால் என்ற உள்ளூர்க்காரர் கரையில் ஒதுங்கிய பொருள்களைப் பொறுக்கித் திரிந்தவர். மீனவர்களின் வலை சிக்கும் இடத்தைக் கேட்டறிந்து டாங்கியைக் கண்டுபிடித்தார். 1974-இல் அமெரிக்க அரசாங்கத்திடம் 50 டாலர் கொடுத்து விலைக்கு வாங்கினார். 1984-இல் அது கரையேறியது. அவர் அதை விற்கவில்லை. மாண்டவர்களின் ஞாபகமாக நிறுத்தினார்.

தூக்குவது ஒரு பங்கு வேலைதான். கடலுக்கடியில் மேலே படிந்த சிப்பியும் மண்ணும் ஓடுபோல் மூடி, காற்றை அண்டவிடாமல் இரும்பைக் காக்கின்றன. மேலே வந்ததும், உள்ளே ஊறிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வேலையை ஆரம்பித்துவிடும். தகடு தகடாய் உரிந்து விழும். சாஸ்திர முறைப்படி, காரநீரில் ஊறப்போட்டு, மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, வருஷக் கணக்கில் உப்பை வெளியேற்ற வேண்டும். டாங்கி மாதிரிப் பெரிய பொருளுக்கு அது சுலபமில்லை. டார்கிராஸ் டாங்கி திறந்த வெளியில், உப்புக் காற்றில், கறுப்புப் பூச்சோடு நிற்கிறது. பூச்சை யாரேனும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் அறுவடை முடிந்ததும் அரிவாளைத் துடைத்து எண்ணெய் தடவிச் செருகுகிறோமே, அதே காரியம்தான். அடுத்த அறுப்புக்கு வேண்டும் என்ற எண்ணம் இருப்பவன்தான் துடைப்பான்.

திரிகோணமலைக்காரர்களைக் குறை கூறவில்லை. அத்தனை பெரிய கப்பலை நம் கடற்கரை வெயிலில் வைத்துக் காப்பது யாராலும் ஆகாது. ஆனாலும், அடுத்த தடவை நம் பக்கத்துக் கடலில் இப்படி ஒன்று மேலே வருகிறபோது, ஒரு சங்கிலியையோ நங்கூரத்தையோ மட்டும் கரையில் நிறுத்தி, அதன் கதையைப் பொறித்து, எண்ணெய் தடவ ஒருவரை நியமித்தால் போதும். பர்மாவுக்குக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வந்து நிற்பார்கள்.