வாஷிங்டன் மாநில இராணுவத் துறை

வாஷிங்டன் மாநில இராணுவத் துறை என்பது ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள வாஷிங்டன் மாநில அரசின் துறைகளுள் ஒன்றாகும். மாநிலத்தின் தேசியக் காவற்படையும் பேரிடர் மேலாண்மையும் இத்துறையின் பொறுப்பில் உள்ளன. இதன் தலைமையகம் டகோமா நகருக்கு அருகே கேம்ப் முர்ரே என்னும் இடத்தில் அமைந்துள்ளது. நாட்டின் தலைநகரான வாஷிங்டன் டி. சி. வேறு, இம்மாநிலம் வேறு.

அமைப்பு

துறையின் தலைவர் அட்ஜுட்டன்ட் ஜெனரல் என அழைக்கப்படுகிறார். மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாநில ஆளுநர் இவரை நியமிக்கிறார். துறையின் முக்கியப் பிரிவுகள் பின்வருமாறு:

* தரைப்படைத் தேசியக் காவற்படை
* வான்படைத் தேசியக் காவற்படை
* மாநிலக் காவற்படை (தன்னார்வலர்களைக் கொண்டது)
* பேரிடர் மேலாண்மைப் பிரிவு
* பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளையோருக்காக 2009 முதல் பிரெமர்ட்டன் நகரில் இயங்கும் பயிற்சிப் பள்ளி

பேரிடர் மேலாண்மைப் பிரிவு 1995 ஆம் ஆண்டில் வேறொரு துறையிலிருந்து இத்துறைக்கு மாற்றப்பட்டது.

இரட்டைக் கட்டுப்பாடு

தேசியக் காவற்படையினரில் பெரும்பாலோர் வேறு தொழில் செய்துகொண்டே பகுதிநேரமாகப் பணியாற்றுபவர்கள். வெள்ளம், காட்டுத்தீ போன்ற காலங்களில் ஆளுநர் இவர்களை அழைக்கலாம். கூட்டரசின் பணிக்கு அழைக்கப்பட்டால் இவர்கள் குடியரசுத் தலைவரின் கட்டளைக்கு உட்படுவர். மாநிலத்தின் 81 ஆவது படையணி 2004 இலும் 2008 இலும் ஈராக்கிற்கு அனுப்பப்பட்டது. இவ்வாறு படையினர் வெளிநாட்டில் இருக்கும் வேளையில் உள்நாட்டில் பேரிடர் நேரின், மாநிலத்தின் கையில் எஞ்சியிருக்கும் ஆட்பலம் குறைவாகவே இருக்கும். மாநிலக் காவற்படையைக் கூட்டரசுப் பணிக்கு அழைக்க இயலாது. அது ஆளுநரின் கீழ் மட்டுமே இயங்குகிறது.

குறிப்பிடத்தக்க பேரிடர்கள்

1980 மே 18 அன்று செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்து 57 பேர் இறந்தனர். தேசியக் காவற்படையின் உலங்குவானூர்திகள் சாம்பல் சூழ்ந்த பகுதிகளிலிருந்து பலரை மீட்டன. 2001 பெப்ரவரி 28 அன்று 6.8 அளவிலான நிஸ்குவாலி நிலநடுக்கம் ஏற்பட்டது. 2014 மார்ச் 22 அன்று ஓசோ நிலச்சரிவில் 43 பேர் உயிரிழந்தனர். உடல்களைத் தேடும் பணியில் காவற்படையினரும் ஈடுபட்டனர். 2020 இல் கொரோனா பெருந்தொற்றின்போது படையினர் உணவு வங்கிகளில் பணிபுரிந்தனர்.

காஸ்கேடியா அச்சுறுத்தல்

மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கடலடியில் காஸ்கேடியா அமிழ்வு மண்டலம் உள்ளது. இங்கு 1700 சனவரி 26 அன்று ஏறத்தாழ 9 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. உவர்நீரில் மூழ்கி மடிந்த கடலோரக் காடுகளும், ஆழிப்பேரலை பற்றிய சப்பானியப் பதிவுகளும் இதற்குச் சான்றாக உள்ளன. இத்தகைய நிலநடுக்கம் மீண்டும் ஏற்பட்டால், ஆழிப்பேரலை அரை மணி நேரத்திற்குள் வெளிக்கடற்கரையை அடையக்கூடும். பாலங்களும் சாலைகளும் சேதமடைவதால் மீட்புப் படையினர் பல ஊர்களை உடனே சென்றடைய முடியாது. 2016 சூனில் நடைபெற்ற "காஸ்கேடியா ரைசிங்" என்னும் பெரும் ஒத்திகை இந்நிலையை முன்வைத்தே நடத்தப்பட்டது.

இதனால் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு வாரங்களுக்குத் தேவையான உணவு, நீர், மருந்து ஆகியவற்றைச் சேமித்து வைக்குமாறு இத்துறை அறிவுறுத்துகிறது. கடலோர ஊர்களில் எச்சரிக்கை ஒலிபெருக்கிக் கம்பங்கள் நிறுவப்பட்டுள்ளன. வெஸ்ட்போர்ட் நகருக்கு அருகே உள்ள ஒகோஸ்டா தொடக்கப்பள்ளியில், ஆழிப்பேரலையின்போது ஆயிரம் பேர் வரை கூரைமீது ஏறித் தஞ்சமடையத்தக்க உடற்பயிற்சிக் கூடம் 2016 இல் கட்டி முடிக்கப்பட்டது. வட அமெரிக்காவில் இவ்வகையில் அமைந்த முதல் கட்டடம் இதுவே ஆகும்.