உள்நாட்டுப் போரில் ஒற்றாடிய மாதர்

திருவள்ளுவனார் பொருட்பாலிலே ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். பிறர் ஐயுறாத தோற்றமும், எவர் உறுத்து நோக்கினும் அஞ்சாத நெஞ்சும், அறிந்ததை எவ்விடத்தும் வெளியிடாத திண்மையும் ஒற்றருக்கு வேண்டும் என்பது அவர் காட்டும் இலக்கணம். இவ்விலக்கணம் ஆடவர்க்கே உரியதென எண்ணுவோர் பலர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாற்றைப் படிப்போர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்வர். அப்போரில் ஒற்றாடிய மாதர் சிலரைப்பற்றி நமது சங்கத்து இளைஞரும் பெரியோரும் அறிதல் நன்றெனக் கருதி இக்கட்டுரையை எழுதலானோம்.

1860 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் ஏறக்குறைய 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாய் வாழ்ந்தனர். பருத்தி, புகையிலை, நெல் ஆகியவை விளைந்த பெருந்தோட்டங்கள் அவர்தம் உழைப்பிலேயே நிலைபெற்றன. அடிமைமுறை பரவுதலை எதிர்த்த ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டதும் தென் மாநிலங்கள் பிரியத் தொடங்கின. ஈற்றில் 11 மாநிலங்கள் பிரிந்து தனியாட்சி அமைத்தன. 1861 ஏப்ரல் 12 ஆந் திகதி தொடங்கிய போர் 1865 வரை நீடித்து, 6 இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. வடவரின் தலைநகர் வாஷிங்டன். தென்னவரின் தலைநகர் றிச்மண்ட். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 100 மைலே. மொழி ஒன்று, சமயம் ஒன்று, உடை ஒன்று. ஆதலின் பகைவர் யார், நண்பர் யார் எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. ஒற்றருக்கு இதனினும் வாய்ப்பான களம் வேறில்லை.

போரின் தொடக்கத்தில் காவல் வீரர் பெண்களைச் சோதனையிடக் கூசினர். அரசியலும் படைநடப்பும் பெண்களுக்கு விளங்கா என்றும் ஆடவர் நம்பினர். அதனால் அவர்கள் இருக்கும்போதே இரகசியங்களைப் பேசினர். பெண்கள் அப்பேச்சைக் கேட்டனர். கேட்டதை நினைவிற் கொண்டனர். கூந்தலிலும் ஆடை மடிப்பிலும் செய்திகளை மறைத்துச் சென்றனர்.

வாஷிங்டன் நகரிலே றோஸ் கிறீன்ஹவ் என்னும் கைம்பெண் வாழ்ந்தார். அமைச்சரும் செனற் சபையினரும் அவர் இல்லத்துக்கு வந்து போயினர். ஆனால் அவர் நெஞ்சம் தென்னவர் பக்கமே நின்றது. 1861 யூலையில் வடவர் படை புறப்படும் செய்தியை அறிந்த அவர், அதனைக் குறியெழுத்தில் எழுதி, பெற்றி டுவால் என்னும் இளம்பெண்ணிடம் கொடுத்தார். அப்பெண் கூந்தலுள் ஓலையை முடிந்துகொண்டு, நாட்டுப்புறப் பெண்போல வேடமிட்டுக் காவலைக் கடந்தாள். அம்மாதம் 21 ஆந் திகதி புல் றன் என்னுமிடத்தில் நிகழ்ந்த முதற் பெரும் போரில் தென்னவர் வென்றனர். அவ்வெற்றிக்கு அம்மாதின் செய்தி உதவியது எனத் தென்னவர் தலைவர்கள் கருதினர். ஓகஸ்ட் மாதத்தில் அவர் கைதானார். பின்னர் எட்டு வயது மகளோடு சிறையிலும் இருந்தார். 1862 இல் தென்னாட்டுக்கு அனுப்பப்பட்டார். ஐரோப்பா சென்று தென்னவருக்காகப் பரிந்து பேசி, இலண்டனில் தம் சிறைவாழ்வைப்பற்றி நூலும் வெளியிட்டார். 1864 ஒக்டோபர் 1 ஆந் திகதி திரும்பி வருகையில், வட கரோலினாக் கரைக்கு அண்மையில் கப்பல் தரைதட்டவே, சிறுபடகில் இறங்கினார். படகு கவிழ்ந்தது. உடன் கொண்டுவந்த பொற்காசுகளின் பாரம் அவரைக் கீழே இழுத்தது என்பர்.

இவர் துணிவை யாரும் மறுக்க இயலாது. ஆனால் அத்துணிவு எதனைக் காத்து நின்றது? மனிதனை மனிதன் விலைக்கு விற்கும் முறையை நிலைநாட்ட முனைந்த ஆட்சியையன்றோ? இக்கேள்வியை மனத்திற் கொண்டே மறுபுறத்து மாதரை நோக்குவோம்.

றிச்மண்ட் நகரிலே எலிசபெத் வான் லூ என்னும் செல்வக் குடிப்பெண் இருந்தார். தென்னாட்டிற் பிறந்தும் அடிமைமுறையை வெறுத்தவர். லிபி என்னும் சிறையில் அடைபட்ட வடவர் வீரருக்கு உணவும் உடையும் புத்தகமும் கொண்டு சென்றார். அவர்களிடமிருந்து செய்தி திரட்டினார். தம் வேலையாட்களும் நகரத்து அன்பர்களும் அடங்கிய ஓர் ஒற்றர் அணியை அமைத்து, வடவர் தளபதி கிரான்ற் அவர்களுக்கு றிச்மண்டின் நிலையை அறிவித்து வந்தார். அகப்பட்டால் உயிர் மிஞ்சுவது ஐயம். வடவரின் ஒற்றரான திமதி வெப்ஸ்ரர் என்பார் 1862 ஏப்ரலில் அந்நகரிலேயே தூக்கிலிடப்பட்டார். அதனை அறிந்தும் இவர் பின்வாங்கவில்லை.

இவ்வணியில் இருந்தவர் மேரி றிச்சட்ஸ் என்னும் கறுப்பினப் பெண். மேரி பௌசர் என்றும் இவரை வழங்குவர். வான் லூ குடும்பத்தில் அடிமையாய்ப் பிறந்த இவரை எலிசபெத் வடநாட்டுக்கு அனுப்பிக் கல்வி பயிற்றினார். தென்னவரின் ஜனாதிபதி டேவிசின் இல்லத்துள் சலவைத் துணி வாங்குவார் போலப் புகுந்து, அறையிலிருந்த பத்திரங்களைப் பார்வையிட்டதாக இவரே போரின் பின் ஒரு கூட்டத்தில் உரைத்தார். கறுப்பினப் பெண்ணுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும் என்று அங்கே யாரும் எண்ணவில்லை. அவ்விகழ்ச்சியே அவருக்குக் கவசமாயிற்று. 1867 இல் இவர் ஜோர்ஜியாவில் விடுதலை பெற்ற மக்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியையாய் விளங்கினார்.

இவர்கள் யாவரினும் பெருஞ்செயல் புரிந்தவர் ஹரியற் ரப்மன் என்போம். மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து, 1849 இல் தப்பி, பின் பலமுறை திரும்பிச் சென்று ஏறக்குறைய 70 பேரை மீட்டவர் இவர். எழுதப் படிக்கக் கல்லாதவர். 1862 இல் தென் கரோலினா சென்று படைவீரருக்குத் தாதியாயும், பின்னர் ஒற்றர் தலைவியாயும் பணிபுரிந்தார். கொம்பாகீ ஆற்றில் தென்னவர் வெடிகளை எங்கெங்கே அமிழ்த்தி வைத்தனர் என்பதைத் தோட்டத்து அடிமைகளிடமிருந்து அறிந்தார். 1863 யூன் 2 ஆந் திகதி விடியலில், கேணல் மொன்கொமறியின் படைக்கப்பல்கள் இவர் வழிகாட்ட அவ்வாற்றில் ஏறின. நெல்வயல்களில் நின்ற மக்கள் பிள்ளைகளையும் சட்டிபானைகளையும் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தனர். அன்று ஒரே நாளில் 700 பேருக்கு மேல் விடுதலை பெற்றனர்.

போர் முடிந்தபின் இவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு யாது? கிரான்ற் ஜனாதிபதியான 1869 இல் எலிசபெத் வான் லூ றிச்மண்டின் அஞ்சலதிபராக நியமிக்கப்பட்டார். ஆயினும் ஊரார் அவரைத் துரோகியென ஒதுக்கினர். தம் உயிருக்கு அஞ்சி, தாம் அனுப்பிய செய்திகளை அரசாங்கத்திடமிருந்து திரும்பப் பெற்று அழித்தார். 1900 இல் தனிமையில் மறைந்தார். ஹரியற் ரப்மனுக்கோ போர்வீரரின் கைம்பெண் என்ற முறையில் 1895 இல் மாதம் 8 டொலரே கிடைத்தது. 1899 இல் அது 20 டொலராயிற்று. 1913 இல் அவர் இறந்தார். அவருக்குப் படைத்தலைவர் பதவியை மேரிலாந்து மாநிலம் வழங்கியது 2024 இலே தான்!

ஒற்றரின் வரலாற்றைப் படிப்போருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. எழுத்தில் எதனையும் வைக்காதவரே சிறந்த ஒற்றர். ஆதலால் பின்வந்தோர் கதைகள் பலவற்றைச் சேர்த்துவிட்டனர். எலிசபெத் பித்துப் பிடித்தவர்போல நடித்து ஊரை ஏமாற்றினார் என்ற கதையை ஆராய்ச்சியாளர் இன்று ஐயுறுகின்றனர். மேரி றிச்சட்ஸின் படமென நெடுங்காலம் அச்சிடப்பட்டது வேறொரு மாதின் படம். மூன்று ஒற்றரின் சொல் ஒத்தபோதே ஒரு செய்தியைத் தெளிக என்ற வள்ளுவர் அறிவுரை அரசனுக்கு மட்டுமன்றி, வரலாறு கற்பவனுக்கும் ஏற்றதே.

துணிவு என்பது இரு பக்கத்தாரிடத்தும் இருந்தது. நூலெழுதிப் புகழ்பெற்றவர் கிறீன்ஹவ். பெயரையும் மறைத்து வாழ்ந்தவர் மேரி. எழுத்தறியாதவர் ஹரியற். எனினும் எவர் பக்கம் அறம் நின்றது என்பதைக் கொம்பாகீக் கரையில் ஓடிவந்த அம்மக்களே சொல்வர். ஆகவே இளைஞர்களே, ஒருவர் எவ்வளவு துணிந்தார் என வியப்பதோடு நில்லாது, எதற்காகத் துணிந்தார் என்றும் கேட்டுப் பழகுவோம். நம் வீடுகளிலும் ஊர்களிலும் ஓசையின்றிப் பணிசெய்வோரை அவர் வாழும் நாளிலேயே அறிந்து போற்றுவோம்.