ஜெருசலேம் ஆலய பலிபீடம்: பைபிளில் அதற்கு என்ன இடம்? இல்லாத பலிபீடத்துக்காக இன்றும் ஏன் பதற்றம்?

ஒவ்வொரு ஆண்டும் யூதர்களின் பஸ்கா பண்டிகை நெருங்கும்போது ஜெருசலேம் பழைய நகரத்திலிருந்து ஒரே மாதிரியான செய்தி வரும். சிறு குழுக்களைச் சேர்ந்த சிலர் ஆட்டுக்குட்டியோடு ஆலய மலைக்குப் போக முயற்சி செய்வார்கள். இஸ்ரேல் போலீஸ் வழியிலேயே மடக்கிப் பிடிக்கும். ஆட்டுக்குட்டியும் பறிமுதல் ஆகும்.

ஒரு ஆட்டுக்குட்டிக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு? காரணம், அந்த மலையில் சுமார் 1,950 ஆண்டுகளுக்கு முன்பு இருந்த ஒரு பலிபீடம். இன்று அதன் ஒரு கல்கூட அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் யூதர்களின் ஜெபம், கிறிஸ்தவர்களின் ஆராதனை, மத்திய கிழக்கின் அரசியல் என மூன்றிலும் அதன் தாக்கம் இருக்கிறது. எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பலிபீடம் என்றால் என்ன?

நம்ம ஊர் கோயில்களில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கல் பீடம் இருக்கும். அதையும் பலிபீடம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் பைபிளில் வரும் பலிபீடம் வேறு. அது நெருப்பு எரியும் ஒரு பெரிய மேடை.

எபிரேய மொழியில் இதற்கான சொல், 'அறுத்தல்' என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. ஆனால் பலர் நினைப்பது போல ஆடு, மாடுகளை இந்த மேடை மேல் வைத்து அறுப்பதில்லை. பக்கத்தில், தரையில்தான் அறுப்பார்கள். ரத்தத்தையும் எரிக்க வேண்டிய பகுதிகளையும் மட்டும் பலிபீடத்துக்குக் கொண்டு போவார்கள்.

வசதி இருப்பவர்களுக்கு மட்டும்தான் இதெல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். ஆடு வாங்க முடியாதவர் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம். அதுவும் முடியாதவர் பாவநிவாரணத்துக்குக் கொஞ்சம் மாவு கொடுத்தால் போதும் என்கிறது லேவியராகமம். இயேசு பிறந்தபோது அவருடைய பெற்றோர் செலுத்தியது ஏழைகளுக்கான அந்தப் பறவைக் காணிக்கையைத்தான் என்று லூக்கா எழுதுகிறார்.

எவ்வளவு பெரியது?

ஒரு முழம் என்பது சுமார் ஒன்றரை அடி. அந்தக் கணக்கில் பார்த்தால்:

- மோசே காலத்துக் கூடாரத்தில் இருந்தது: 5 முழம் நீளம், 5 முழம் அகலம், 3 முழம் உயரம். அதாவது ஏழரை அடி சதுரம், நாலரை அடி உயரம். மரத்தால் செய்து வெண்கலத் தகடு போர்த்தியது.
- சாலொமோன் ஆலயத்தில் இருந்தது: 20 முழம் சதுரம், 10 முழம் உயரம். அதாவது 30 அடி சதுரம், 15 அடி உயரம்.
- இரண்டாம் ஆலயத்தில் இருந்தது: யூதர்களின் மிஷ்னா நூல் சொல்லும் கணக்குப்படி அடிப்பகுதி 32 முழம் சதுரம். கிட்டத்தட்ட 48 அடி. மேலே ஏற சாய்தளம் இருந்தது.

இது தவிர ஆலயத்துக்கு உள்ளே ஒரு முழம் சதுரத்தில் சின்னதாக, தங்கத் தகடு போர்த்திய தூபபீடம் ஒன்றும் உண்டு. அதில் நறுமணப் பொருட்களை மட்டும் எரிப்பார்கள்.

விதிகளும் வித்தியாசமானவை. கல்லால் பலிபீடம் கட்டினால், இரும்பு உளி படாத கல்லாக இருக்க வேண்டும். அதன் நெருப்பு இரவும் பகலும் அணையவே கூடாது. நான்கு மூலைகளிலும் கொம்பு போன்ற அமைப்பு இருக்கும். உயிருக்குப் பயந்து ஓடி வருபவர்கள் அந்தக் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு அடைக்கலம் கேட்பார்கள். தாவீதின் மகன் அதோனியா அப்படிச் செய்து அப்போதைக்குத் தப்பினான். ஆனால் திட்டமிட்டுக் கொலை செய்தவனுக்கு அந்த அடைக்கலம் கிடையாது என்பதும் சட்டம்.

ஆதாரம் ஏதாவது கிடைத்திருக்கிறதா?

ஜெருசலேம் ஆலய பலிபீடம் இதுவரை கிடைக்கவில்லை. அந்த மலையில் அகழாய்வு செய்வதும் நடக்காத காரியம். ஆனால் அதே காலத்தைச் சேர்ந்த வேறு பலிபீடங்கள் கிடைத்திருக்கின்றன.

இஸ்ரேலின் தெற்கே அராத் என்ற இடத்தில், 1960-களில் நடந்த அகழாய்வில் ஒரு சிறிய கோயிலே கிடைத்தது. அதன் பலிபீடம் செதுக்காத கற்களாலும் மண்ணாலும் கட்டப்பட்டது. அளவும் பைபிள் சொல்லும் 5 முழத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. பெயெர்செபாவில் 1973-ல் கொம்புகள் வைத்த பலிபீடத்தின் கற்கள் கிடைத்தன. யாரோ அதைப் பிரித்து, ஒரு கிடங்கின் சுவரில் சாதாரணக் கல்லாக வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆனால் இவை செதுக்கிய கற்கள். விதி ஒன்று இருந்தாலும் நடைமுறை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அராத் கோயிலின் தூபபீடங்கள் பற்றி 2020-ல் வெளியான ஆய்வு இன்னொரு ஆச்சரியத்தைக் கொடுத்தது. ஒன்றில் சாம்பிராணி வகையைச் சேர்ந்த குங்கிலியப் பிசினின் தடயமும், இன்னொன்றில் கஞ்சாவின் தடயமும் இருந்தன.

தீர்க்கதரிசிகள் பலிபீடத்தைப் பற்றி என்ன சொன்னார்கள்?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. தீர்க்கதரிசனம் என்றாலே எதிர்காலத்தைச் சொல்வது என்று நினைக்கிறோம். ஆனால் பைபிள் தீர்க்கதரிசிகள் அதிகம் பேசியது, தங்கள் காலத்தில் பலிபீடத்துக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றி.

கி.மு. 8-ம் நூற்றாண்டில் ஆமோஸ், ஏசாயா இருவரும் ஏறக்குறைய ஒரே குற்றச்சாட்டை வைத்தார்கள். ஏழையின் வயிற்றில் அடித்துவிட்டு, பலிபீடத்தில் கொழுத்த ஆட்டை எரித்தால் கடவுள் ஏற்க மாட்டார் என்பதுதான் அது. அதே காலத்தில் ஓசியா, கடவுளுக்குப் பலியைவிட இரக்கமே முக்கியம் என்றார். பிற்காலத்தில் மல்கியா, குருடும் முடமுமான மிருகங்களைக் கொண்டு வந்து கடமையைக் கழிக்கிறார்கள் என்று ஆசாரியர்களையே கண்டித்தார்.

அப்படியானால் இவர்கள் பலிபீடமே வேண்டாம் என்றார்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. தன் உதட்டைத் தொட்டுச் சுத்தமாக்கிய நெருப்புத் தணல் பலிபீடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்பவரும் இதே ஏசாயாதான். ஆலயம் இடிந்து, மக்கள் பாபிலோனில் கைதிகளாக இருந்த நாட்களில் எசேக்கியேல் ஒரு புதிய ஆலயத்தைத் தரிசனத்தில் கண்டார். அதன் பலிபீடத்தை அடுக்கு அடுக்காக முழக்கணக்கோடு விவரிக்கிறார். நெருப்பு எரியும் மேல்தளம் மட்டும் 12 முழம் சதுரம். படிகள் கிழக்கு நோக்கி இருக்கும் என்கிறார். மோசேயின் சட்டமோ படிகளே கூடாது என்கிறது. இந்த வேறுபாடு பற்றி யூத அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக விவாதித்து வருகிறார்கள்.

ஆலயத்துக்கு முன்பே பலிபீடம்

இன்றைய பதற்றத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் முக்கியம். பலிபீடத்துக்கு ஆலயக் கட்டடம் தேவையே இல்லை.

நோவா, ஆபிரகாம் காலத்தில் ஆலயம் கிடையாது, பலிபீடம் உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பிய மக்களும் முதலில் கட்டியது பலிபீடத்தைத்தான். பழைய அடித்தளத்தின் மேலேயே அதை எழுப்பி, ஆலயத்துக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே பலிகளை ஆரம்பித்தார்கள் என்கிறது எஸ்றா புத்தகம். ஆலயம் முடிந்தது சுமார் 20 ஆண்டுகள் கழித்து, கி.மு. 516 வாக்கில்.

அடுத்த அடி கி.மு. 167-ல் விழுந்தது. கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோகஸ் அந்தப் பலிபீடத்தின் மேல் வேறு தெய்வத்துக்குப் பலியிட வைத்தான். தானியேல் புத்தகத்தில் வரும் 'பாழாக்கும் அருவருப்பு' இந்தச் சம்பவத்தைத்தான் குறிக்கிறது என்று பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கி.மு. 164-ல் யூதர்கள் ஆலயத்தை மீட்டார்கள். தீட்டான கற்களை வீசி எறியவும் மனம் வரவில்லை, பயன்படுத்தவும் முடியவில்லை. ஒரு தீர்க்கதரிசி வந்து முடிவு சொல்லும்வரை இருக்கட்டும் என்று தனியாக எடுத்து வைத்தார்கள். புதுக் கற்களால் பலிபீடம் கட்டினார்கள். இன்று யூதர்கள் கொண்டாடும் ஹனுக்கா, அந்தப் பிரதிஷ்டையின் நினைவு நாள்தான்.

கி.பி. 70-க்குப் பிறகு என்ன ஆனது?

கி.பி. 70-ல் டைட்டஸ் தலைமையிலான ரோமானியப் படை ஆலயத்தை எரித்தது. அன்றாடப் பலி நின்றது. பாவம் தீர பலி வேண்டும், பலிக்குப் பலிபீடம் வேண்டும் என்று வாழ்ந்த மக்களுக்கு இது பெரிய கேள்வி. இனி என்ன செய்வது?

யூத மரபில் ஒரு சம்பவம் சொல்வார்கள். இடிந்த ஆலயத்தைப் பார்த்து ஒரு சீடர் அழுதபோது, யோகனான் பென் சக்காய் என்ற குரு ஓசியாவின் அந்த வார்த்தையை நினைவுபடுத்தினார். இரக்கச் செயலும் பலிக்குச் சமம்தான் என்று தேற்றினார். யூதர்களின் அன்றாட ஜெப நேரங்கள் பழைய பலி நேரங்களை ஒட்டி அமைந்தன. வீட்டுச் சாப்பாட்டு மேஜையே பலிபீடத்தின் இடத்தில் இருக்கிறது என்று தல்மூத் சொன்னது. ரொட்டியை உப்பில் தொட்டுச் சாப்பிடும் யூத வழக்கத்துக்கும், பலியோடு உப்பு சேர்க்க வேண்டும் என்ற பழைய சட்டத்துக்கும் தொடர்பு உண்டு.

மத்தேயு எழுதிய நற்செய்தியில் இயேசுவும் ஓசியாவின் அதே கருத்தை இரண்டு முறை எடுத்துச் சொல்கிறார். பலிபீடத்தின் முன் நிற்கும்போது சகோதரனோடு மனஸ்தாபம் ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் சமாதானம் ஆகு என்பதும் அவருடைய போதனை.

கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை இயேசுவின் சிலுவை மரணமே கடைசிப் பலி. எபிரெயர் நிருபம் இதை விரிவாகப் பேசுகிறது. ஆனால் சபைக்குச் சபை நடைமுறை வேறு. கத்தோலிக்க ஆலயத்தில் பலிபீடம் நடுநாயகமாக இருக்கும், ஆராதனைக்குப் பெயரே திருப்பலி. பலிபீடத்தின் அடியில் புனிதர்களின் எச்சங்களை வைக்கும் வழக்கமும் உண்டு. கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் கீழே நீதி கேட்டுக் கூப்பிடுவதாக வெளிப்படுத்தின விசேஷம் சித்தரிக்கும் காட்சியோடு இதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். 16-ம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகள், பலி முடிந்துவிட்டது, இனி பந்தி மட்டும்தான் என்றார்கள். இங்கிலாந்தில் 1550-ல் கல் பலிபீடங்களை எடுத்துவிட்டு மர மேஜை போட உத்தரவே வந்தது.

இன்று என்ன பிரச்னை?

அந்த மலையில் இப்போது இருப்பவை அல் அக்ஸா மசூதியும், 7-ம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட தங்கக் குவிமாடமும். முஸ்லிம்களுக்கு அது ஹரம் அல் ஷரீப், மக்கா, மதீனாவுக்கு அடுத்த புனித இடம். 1967 போரில் கிழக்கு ஜெருசலேமை இஸ்ரேல் பிடித்தாலும், வளாக நிர்வாகம் ஜோர்டானின் வக்ஃப் அமைப்பிடமே விடப்பட்டது. மற்ற மதத்தினர் வந்து பார்க்கலாம், தொழுகையும் ஜெபமும் முஸ்லிம்களுக்கு மட்டுமே என்பதுதான் அந்த ஏற்பாடு. சமீப ஆண்டுகளில் இது மீறப்படுகிறது என்ற புகார் அதிகமாகியிருக்கிறது.

யூதர்களிலும் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை. தீட்டுச் சுத்திகரிப்பு இல்லாமல் அந்த மலையில் கால் வைக்கவே கூடாது என்பது இஸ்ரேல் தலைமை ரபிகள் அமைப்பின் நிலைப்பாடு. மறுபக்கம், ஆலயம் இல்லாவிட்டாலும் பலி செலுத்தலாம் என்று மிஷ்னாவில் பதிவாகியுள்ள கருத்தைச் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டுக்குட்டியோடு வருபவர்களின் வாதமும் இதுதான். ஜெருசலேமில் 1987-ல் தொடங்கிய ஆலய நிறுவனம் என்ற அமைப்பு, ஆலயத்துக்கான பாத்திரங்களைத் தயார் செய்து வைத்திருக்கிறது. சுத்திகரிப்புச் சாம்பலுக்காக 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து ஐந்து சிவப்புக் கிடாரிகள் கொண்டு வரப்பட்டன. 2024 ஜனவரியில் ஹமாஸ் செய்தித் தொடர்பாளர் தன் உரையில் இந்தச் சிவப்பு மாடுகளைக் குறிப்பிட்டார்.

இதெல்லாம் வெறும் பேச்சோடு நிற்கும் விஷயம் இல்லை. 1990 அக்டோபரில், ஒரு குழு ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப் போகிறது என்ற தகவலால் அங்கே மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் சுமார் 20 பாலஸ்தீனர்கள் உயிரிழந்தார்கள்.

கிறிஸ்தவர்களிலும் இரண்டு பார்வை உண்டு. எசேக்கியேல் சொன்ன பலிபீடம் அப்படியே கல்லால் எழும், அது கடைசிக் காலத்தின் அடையாளம் என்று ஒரு தரப்பு, குறிப்பாக அமெரிக்க சுவிசேஷ சபைகளில் பலர், நம்புகிறார்கள். அது ஆவிக்குரிய அடையாளம் மட்டுமே, வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியில் வரும் புதிய ஜெருசலேமில் ஆலயமே இல்லையே என்று இன்னொரு தரப்பு கேட்கிறது.

மொத்தத்தில்

அடுத்த முறை 'மூன்றாம் ஆலயம்', 'சிவப்புக் கிடாரி', 'தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது' என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால் இரண்டு விஷயங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்தப் பலிபீடம் எங்கே, எப்போது, கட்டப்படுமா என்பதில் யூதர்களுக்குள்ளும் கிறிஸ்தவர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து கிடையாது. இரண்டு, அதே தீர்க்கதரிசிகள் பலிபீடத்தின் அளவைவிட, அதன் முன்னால் வந்து நிற்பவர் அண்டை வீட்டுக்காரரை எப்படி நடத்துகிறார் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஃபார்வர்டு மெசேஜ்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்த இரண்டாவது விஷயம்தான்.