தீவகத்தவரும் கொழும்பு மாநகரும்: நகர்வெளியும் இனமும் பற்றிய ஒரு குறிப்பு

நகரவாழ்வு பெருகப் பெருக இன வேறுபாடுகள் தேய்ந்து மறையும் என்பது சமூகவியலாளர் பலர் நெடுங்காலம் கொண்டிருந்த எதிர்பார்ப்பாகும். கொழும்பு மாநகரின் வரலாறு அதற்கு அரண் செய்வதாயில்லை. அந்நகரில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் தமிழரை நோக்கி ‘உமது சொந்த ஊர் எது?’ என்னும் வினா எழுந்துகொண்டேயிருந்தது. அவ்வினா அரச நடவடிக்கையாக உருப்பெற்ற வகையினைத் தீவகத்தவரின் அனுபவத்தினூடாக நோக்குவது பொருத்தமானது.

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை அடுத்துள்ள கரம்பொன், புறம்போக்கு வாழ்வுக்குப் பழகிய ஊர். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றி, 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூட முன்னின்றுழைத்த தனிநாயகம் அடிகள் இவ்வூரிற் பிறந்தவரே. விளைநிலமும் நன்னீரும் அருகிய தீவகத்தில் மிசன் பாடசாலைகள் அளித்த ஆங்கிலக் கல்வியே பலருக்கு முதலாயிற்று. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றதும் கொழும்பு அண்மித்தது. எழுதுவினைஞர் வெள்ளவத்தையில் வாடகை அறைகளிற் குடியேறினர். புங்குடுதீவு, வேலணை முதலிய ஊர்களின் வணிகர் கடை வைத்தனர். எனினும் உழைப்பு நகரிலும், காணி, சீதனம், கோயிற்றிருவிழா யாவும் ஊரிலுமாக வாழ்வு பிளவுண்டு கிடந்தது. இப்பிளவு காலனித்துவப் பொருளாதாரத்தின் விளைவேயன்றி இனக்குணமன்று.

ஆயினும் நெருக்கடி வேளைகளில் அது இனக்குணமாகவே கொள்ளப்பட்டது. 1958 கலவரத்தையடுத்துக் கொழும்பின் முகாம்களிலிருந்த தமிழர் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டனர். 1983 யூலையில், வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளும் கடைகளும் தேடித்தேடி எரிக்கப்பட்டன. உயிர் தப்பியோர் பலரைக் கப்பல்கள் காங்கேசன்துறையில் இறக்கின. அது அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தோரும் அக்கப்பல்களில் இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

2007 யூன் 7ஆம் நாள் கப்பலின் இடத்தைப் பேருந்து பிடித்தது. கொழும்பின் தங்குவிடுதிகளில் ‘தக்க காரணமின்றி’ இருந்தனர் எனக் கூறி 376 தமிழரைப் பொலிசார் வெளியேற்றினர். பெரும்பாலோர் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். நகரில் வாழ்வோர் யாவர்க்கும் நகரின்மீது உரிமையுண்டு என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆன்றி லெபெவ்ர் 1968இல் எழுதியிருந்தார். இங்கோ, நகரில் இருப்பதற்கே காரணம் காட்டவேண்டியிருந்தது. அதிலும் தீவகத்தவர் எவ்வூருக்கு மீள்வது? 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோதே பல ஊர்கள் வெறிச்சோடியிருந்தன.

இத்தர்க்கம் அரசுக்கு மட்டும் உரித்தானதாயின் நமது பணி எளிதாயிருக்கும். 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்களை இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சோனகத் தெருவில் தலைமுறைகளாக வாழ்ந்தோர் ஒரே நாளில் அந்நியராயினர். நமது ஆய்வேடுகள் இதனைப் போதிய அளவு பேசியதில்லை. புத்தளத்தில் வளர்ந்த அவர்தம் பிள்ளைகள் 2009இன் பின் மீண்டபோது, காணிக்கும் பதிவுக்குமாக அலுவலகப் படிகளேறித் தாம் யாழ்ப்பாணத்தவரே என நிறுவ வேண்டியவராயினர்.