நெட்டி: குளத்துச் செடி கலைப்பொருளான வரலாறு

ஏரி, குளம், வாய்க்கால் ஓரம், வயலை ஒட்டிய பள்ளம் என்று மழைநீர் தேங்கும் இடங்களில் விதைக்காமலே முளைப்பது நெட்டி. உழவருக்கு அது களை. நெல்லுக்குள் வந்துவிட்டால் பிடுங்கி வரப்பில் எறிவார்கள். அதே செடியின் தண்டைக் காயவைத்து, சீவி, ஒட்டி, கோயில் விமானமாகவும் மணமக்களின் முடியாகவும் மாட்டுப் பொங்கல் மாலையாகவும் ஆக்கும் தொழில் இந்தியாவின் ஈரநிலப் பகுதிகளில் பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. தந்தம், சந்தனம், பொன் போன்றவற்றில் செய்யும் கலைப்பொருளின் விலையில் ஒரு பங்கு மூலப்பொருளுக்குரியது. நெட்டிக்கு அப்படிப்பட்ட மதிப்பு எதுவும் இல்லை. அதில் செய்த பொருளுக்குக் கிடைக்கும் மதிப்பு முழுவதும் கைவேலைக்கே உரியது.

செடியும் தண்டும்

நெட்டி பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. புளிய இலை போன்ற சிறு இலைகளும் மஞ்சள் பூக்களும் கணுக்கணுவான காய்களும் கொண்டது. தாவரவியலில் இதன் பெயர் ஈஸ்கினோமினி ஆஸ்பெரா. லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட தாவர நூலிலேயே இப்பெயர் இடம்பெற்றுள்ளது. இதன் நெருங்கிய இனமான ஈஸ்கினோமினி இண்டிகாவும் இதே நீர்நிலைகளில் வளர்கிறது. ஆனால் அதன் தண்டு மெலிந்தது, கடினமானது. நுண்ணிய வேலைக்கு அது அவ்வளவாக ஏற்றதல்ல.

கைவினைக்குப் பயன்படுவது தண்டின் நீரில் மூழ்கிய பகுதி. நீருக்கு மேலே ஒல்லியாக இருக்கும் தண்டு, நீருக்குள் விரல் பருமனையும் தாண்டிப் பருத்துவிடுகிறது. மேலே பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல். அதைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையில், தக்கை போன்ற மென்மையான பொருள் முழுவதும் நிறைந்திருக்கும். இதைச் செடியின் சோறு என்று பலர் கருதினாலும், தாவரவியல்படி அது மரப்பகுதிதான். வேர்கள் மூச்சுவிட முடியாத சேற்றில் நிற்கும் செடி, தன் மரத் திசுவைக் காற்று நிறைந்த மெல்லிய சுவருள்ள உயிரணுக்களாக வளர்த்துக்கொள்கிறது. உலகின் மிக இலேசான மரங்களுள் ஒன்றாக நெட்டி விளங்குவதற்கு இதுவே காரணம்.

இந்த அமைப்பே கைவினைஞரின் வேலை முறையையும் முடிவு செய்கிறது. நெட்டியில் தேக்கைப்போல் ஓடும் நார் கிடையாது. எனவே எந்தத் திசையிலும் வெட்டலாம், வெட்டுமுகம் வழவழப்பாக வரும். ஆனால் கத்தி சற்று மழுங்கினாலும் தண்டு அறுபடாமல் நசுங்கிவிடும். நசுங்கிய இடம் மீண்டும் எழும்பாது. ஆகவே நெட்டி வேலையில் கத்தியைத் தீட்டுவதும் வேலையின் ஒரு பகுதியே. பயின்ற கை, தண்டை ஒரு பலகையின்மேல் உருட்டிக்கொண்டே நீளக் கத்தியை அதன் மேற்பரப்பில் ஒட்டிச் செலுத்தும். அப்போது உருளையான தண்டு, சுருள் பிரிவதுபோல் இடைமுறியாத மெல்லிய தாளாக விரிகிறது. இந்தத் தாளை மடித்தும் நறுக்கியும் சுற்றியும் இதழ்கள் செய்வார்கள். தடித்த பட்டைகளாகவும் சதுரக் கட்டிகளாகவும் வெட்டினால் அவை சுவருக்கும் தூணுக்கும் ஆகும்.

மாட்டுக்கு மாலை

காவிரிப் படுகையில் நெட்டியின் மிகப் பரவலான பயன் மாட்டுப் பொங்கலுக்கானது. அன்று கால்நடைகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் நெட்டி மாலை அணிவிப்பது தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளின் வழக்கம். வலங்கைமானுக்கு அருகிலுள்ள நார்த்தாங்குடி இம்மாலைக்குப் பெயர் பெற்ற ஊர். ஊரின் பல குடும்பங்கள் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளன.

மாலைத் தொழில் பருவத்தோடு கட்டுண்டது. மழைக்காலத்தில் நீர்நிலைகளில் இறங்கி நெட்டியை அறுத்து, தோல் சீவி, வெயிலில் உலர்த்துவார்கள். ஈரம் தங்கினால் வெள்ளை நிறம் மங்கிப்போகும். காய்ந்த தண்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று சாயம் ஏற்றி, மீண்டும் காயவைத்து, நாரில் கோர்ப்பார்கள். காற்று நிறைந்த தண்டு சாயத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால் நிறம் பளிச்சென்று தெரியும். மார்கழி முழுவதும் வீட்டார் அனைவரும் இதில் ஈடுபடுவார்கள். வியாபாரிகள் வந்து மொத்தமாக வாங்கிச் செல்வார்கள். பல மாத உழைப்புக்கு விற்பனை நாள் மிகக் குறைவு. தை முதல் வாரம் கடந்தால் மாலைக்குக் கேட்பார் இல்லை.

பூமாலையைப்போல் வாடாதது, இலேசாக இருப்பதால் மாட்டின் கழுத்தை உறுத்தாதது, மாடு கடித்தாலும் தீங்கில்லாதது என்பவை இம்மாலையின் சிறப்புகள். மீனவர்களின் வலைக்கு மிதவையாகவும், புட்டிகளுக்கு மூடியாகவும் நெட்டி பயன்பட்டதற்கும் இதே இலேசான தன்மைதான் அடிப்படை.

வங்கத்தின் மணமுடியும் ஒடிசாவின் திருமுடியும்

நெட்டிக் கலை மிக விரிவாக வளர்ந்த நிலம் வங்கம். அங்கு இதற்கு ஷோலா என்று பெயர். பூத்தொழிலில் ஈடுபட்டிருந்த மாலாகர் சமூகத்தினரே இக்கலைக்கும் உரியவர்கள். சிவபெருமான் பார்வதியை மணக்கும்போது வெண்மையான மணிமுடி வேண்டும் என்று விரும்பினார், அதற்காகவே நீரில் இச்செடி தோன்றியது, அதைச் செதுக்க ஒரு மாலாகரும் தோன்றினார் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. வங்காள இந்துத் திருமணங்களில் மணமகன் அணியும் கூம்பு வடிவ டோபோரும் மணமகளின் முகுடும் இன்றும் நெட்டியால் ஆனவை.

துர்கா பூசைச் சிலைகளின் அணிகலன்களிலும் நெட்டிக்குத் தனியிடம் உண்டு. முழுவதும் வெள்ளை நெட்டியால் ஆன அலங்காரம் ஒரு மரபு. ஐரோப்பாவிலிருந்து அஞ்சலில் வந்த வெள்ளித் தகடுகளால் ஆன அலங்காரம் காலனியக் காலத்தில் கிளைத்த இன்னொரு மரபு. இரண்டும் இன்றுவரை அருகருகே வழங்குகின்றன. தந்தச் செதுக்கலுக்குப் புகழ்பெற்ற முர்ஷிதாபாத்தில் நெட்டியிலும் மயில்படகு, யானை அம்பாரி போன்ற உருவங்கள் செய்தார்கள். நிறத்திலும் வழவழப்பிலும் தந்தத்தை ஒத்திருந்ததால், தந்த வேலைப்பாட்டின் வடிவங்கள் நெட்டிக்கு எளிதாக இடம்பெயர்ந்தன.

ஒடிசாவின் பூரியில் தேர்த்திருவிழாவின்போது ஜகந்நாதர் கோயிலிலிருந்து தேருக்கு எழுந்தருளும் வேளையில் அணியும் தாஹியா என்ற பெரிய திருமுடியிலும் நெட்டி சேர்கிறது. ஆளுயரத்தை நெருங்கும் அம்முடி அசைந்தாடி வரும் ஊர்வலத்தில் சுமையாகாமல் நிற்பதற்கு அதன் எடைக் குறைவே காரணம்.

வெள்ளையர் தொப்பி

19-ஆம் நூற்றாண்டில் நெட்டிக்கு முற்றிலும் புதிய தேவை ஒன்று உருவானது. இந்திய வெயில் ஐரோப்பியரின் தலைக்கு ஆபத்து என்ற நம்பிக்கை ஆங்கிலேயரிடையே வலுத்திருந்தது. நெட்டித் தாள்களை மர அச்சின்மேல் அடுக்கடுக்காகப் பசையிட்டு ஒட்டி, உலர்த்தி, வெள்ளை அல்லது காக்கித் துணி போர்த்திய ஷோலா தொப்பி அதற்கு விடையாக அமைந்தது. நெட்டியின் காற்று அறைகள் வெப்பத்தைத் தடுத்தன. தலைக்கும் தொப்பிக்கும் இடையில் விட்ட இடைவெளியும் உச்சியிலுள்ள துளையும் காற்றோட்டம் தந்தன.

படைவீரர், ஆட்சியர், தோட்ட முதலாளி, வேட்டைக்காரர் என அனைவர் தலையிலும் ஏறிய இத்தொப்பி, பேரரசு அதிகாரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. மழையில் நனைந்தால் நெட்டி நீரை உறிஞ்சி நெகிழ்ந்துவிடும். அதனால் படைப் பயன்பாட்டுக்குத் தக்கை மரப்பட்டையால் ஆன தலைக்கவசங்களும் வழக்குக்கு வந்தன. 1947-க்குப் பின் ஆட்சி மாறியபோது தொப்பியின் தேவையும் மறைந்தது. அதை நம்பியிருந்த தொழிலும் அதோடு சுருங்கியது.

தஞ்சாவூரின் கோயில் மாதிரிகள்

தமிழ்நாட்டில் நெட்டி, மாலையோடு நிற்காமல் சிற்பக் கலையாக வளர்ந்தது தஞ்சாவூரில். நாயக்கர், மராத்தியர் ஆட்சிகளில் ஓவியம், இசைக்கருவி, உலோகத் தட்டு, பொம்மை எனப் பல கைத்தொழில்கள் தழைத்த நகரம் அது. பெரிய கோயிலும் அங்கேயே உள்ளது. கோயிலைச் சிறிதாக்கிக் கையோடு எடுத்துச் செல்லும்படி செய்யும் நெட்டி மாதிரிகளுக்கு, தென்னிந்தியாவுக்கு வந்த ஐரோப்பியரிடையே நல்ல வரவேற்பு இருந்தது. இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் சேகரிப்பில் இந்திய நெட்டிப் பொருள்கள் பாதுகாக்கப்படுகின்றன.

பெரிய கோயில் மாதிரி, இக்கலையின் அளவுகோலாகக் கருதத்தக்கது. முதலாம் இராசராசன் கட்டி 1010-இல் நிறைவு செய்த கோயிலின் விமானம் 13 தளங்கள் கொண்டது. மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு தளமும் சீராகக் குறுகும். நெட்டியில் அதைச் செய்பவர் முதலில் அளவு கணக்கிட்டு, ஒவ்வொரு தளத்துக்கும் உரிய பட்டைகளை வெட்டிக்கொள்கிறார். பின்னர் அவற்றைச் சதுரமாக ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். அதன்பின் தொடங்குவதே நுண்வேலை. தளத்துக்குத் தளம் வரும் சிறு மாடங்கள், அரைத்தூண்கள், கூடுகள் ஆகியவற்றைத் தனித்தனியே நறுக்கி, வரிசை தவறாமல் ஒட்ட வேண்டும். ஒரே அளவுள்ள நூற்றுக்கணக்கான துணுக்குகளில் ஒன்று பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உச்சியில் சிகரமும் கலசமும், எதிரே நந்தி மண்டபமும் சேர்ந்தால் மாதிரி நிறைவு பெறும்.

இதற்குத் தேவையான கருவிகள் மிகச் சில: கத்தி, கத்தரி, அளவுகோல், பசை. வண்ணம் பூசாமல் இயல்பான வெள்ளையிலேயே விடுவது தஞ்சை வேலைப்பாட்டின் சிறப்பு. தூசும் பூச்சியும் விரல் அழுத்தமும் நெட்டிக்குப் பகை என்பதால், முடிந்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தே விற்பார்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், திருச்சி மலைக்கோட்டை, பிள்ளையார், கண்ணன் உருவங்கள், பூச்செண்டுகள் ஆகியவையும் இவ்வாறே உருவாகின்றன. 1973-இல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் நிலையங்கள் இவற்றுக்கு விற்பனை வாய்ப்பைத் தந்தன. 2020-இல் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது.

தெர்மாகோலும் வற்றிய குளங்களும்

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெர்மாகோல் பரவலானபோது நெட்டிக்கு நேரடிப் போட்டி உண்டானது. அதுவும் வெள்ளை, இலேசு, எளிதில் வெட்டக்கூடியது. ஆண்டு முழுவதும் ஒரே அளவுப் பலகையாகக் கடையில் கிடைக்கக்கூடியது. பந்தல் அலங்காரம், மேடைப் பின்னணி, பள்ளிச் செய்முறை மாதிரிகள் எல்லாம் அதன் வசமாயின. மாட்டு மாலையிலும் நெகிழிச் சரங்கள் நுழைந்தன. ஆனால் தெர்மாகோல் மக்காது. நீரில் கரைக்கும் சிலைகளுக்கும் திருவிழா அலங்காரங்களுக்கும் மக்கிப்போகும் பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவரும் நிலையில், நெட்டி மீண்டும் கவனம் பெறுகிறது.

தேவை குறைந்ததைவிடக் கடினமான சிக்கல் மூலப்பொருளில் உள்ளது. நெட்டி பெரும்பாலும் பயிரிடப்படுவதில்லை, தேங்கிய நீரில் தானாக வளர்வதையே அறுத்துவருகிறார்கள். குளம் தூர்ந்தாலும், ஏரி வீட்டுமனையானாலும், பருவமழை பொய்த்தாலும், வயலில் களைக்கொல்லி தெளித்தாலும் அந்த ஆண்டு நெட்டி குறைந்துவிடும். பருத்த தண்டு கிடைக்காவிட்டால் அகலமான தாள் சீவ முடியாது. தாள் இல்லாவிட்டால் இதழ் வேலையும் இல்லை. ஆகவே ஒரு வட்டாரத்தின் நீர்நிலைகள் எந்த நிலையில் உள்ளன என்பது அங்குள்ள நெட்டிக் கைவினைஞரின் வேலையில் நேரடியாகத் தெரியும்.

இரண்டாவது சிக்கல் கையின் தொடர்ச்சி. கத்தியைப் பிடிக்கும் கோணத்தையும் அழுத்தத்தையும் பார்த்துப் பழகித்தான் கற்க முடியும். நாள் கணக்கில் செய்யும் ஒரு மாதிரியின் விலை அதற்கான கூலியை ஈடுகட்டாதபோது அடுத்த தலைமுறை வேறு வேலைக்குச் செல்கிறது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், தஞ்சை வேலைப்பாடு என்ற பெயரில் பிறர் விற்பதைத் தடுக்கும். ஆனால் செடியையும் கூலியையும் அதனால் தர இயலாது. குளங்களில் நெட்டிக்கு இடம்விட்டுத் தூர்வாருவதும், தாழ்ந்த நிலங்களில் அதைப் பயிராகவே வளர்ப்பதும், பயிற்சிக் காலத்தில் கற்பவருக்கு உதவித்தொகை வழங்குவதும் இக்கலைக்கு உடனடியாகத் தேவையானவை. கோயில், மணவிழா, தொப்பிக் கடை, நினைவுப் பொருள் அங்காடி என்று வாங்குவோர் மாறிக்கொண்டே வந்தபோதெல்லாம் நெட்டிக் கைவினைஞர் தம் வடிவங்களை மாற்றி நிலைத்துள்ளனர். நீர்நிலையும் கையும் இருக்கும்வரை இனியும் அது முடியும்.