31 டாலர் 61 சென்ட்: மேகி வாக்கர் கட்டியெழுப்பிய சங்கம்

ஏப்ரல் 14 நெருங்கினால் நம் அமைப்புகளில் உறுப்பினர் சேர்க்கை சூடு பிடிக்கும். ரசீதுப் புத்தகமும் படிவமும் நீலத் துண்டுமாகக் கிளம்பிவிடுவோம். ஒரே நாளில் ஐம்பது அறுபது பேர் கையெழுத்துப் போடுவார்கள். படம் எடுத்துப் பகிர்வோம். அடுத்த ஆண்டு அதே தெருவுக்குப் போனால் பாதிப் பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே நினைவில் இருக்காது.

சென்ற ஆண்டு நாங்கள் அப்படிப் போனபோது ஒரு அம்மா கேட்டார்: "போன வருசமும் வந்து இருபது ரூபா வாங்கிட்டுப் போனீங்க தம்பி. ஆடி மாசம் எங்க ஊட்டுக்காரரு செத்தாரு. பொணத்த எடுக்கக் காசில்லாம வட்டிக்கு வாங்கினேன். அப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே?"

எங்களிடம் பதில் இல்லை. ரசீதுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

அந்த அம்மாவின் கேள்வியைத் தன் வேலையின் மையத்தில் வைத்த ஒரு பெண் அமெரிக்காவில் இருந்தார். பெயர் மேகி லீனா வாக்கர். நாம் டூபாய்ஸைப் படிக்கிறோம், மால்கம் எக்ஸைப் படிக்கிறோம். ஜோதிராவ் பூலே 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியதையும், அம்பேத்கர் 1946-இல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதையும் மேடையில் சொல்கிறோம். ஆனால் கறுப்பின மக்களின் போராட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போனவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியது.

லாட்ஜ் என்றால் நமக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் தங்கும் விடுதிதான். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. உறுதிமொழி எடுத்துச் சேரும் சகோதர சங்கத்தின் கிளைக்கும் லாட்ஜ் என்றுதான் பெயர். அதற்கென்று சடங்கு, பட்டை, பதவிப் பெயர்கள் எல்லாம் இருக்கும். மாதச் சந்தா கட்டினால் நோயில் படுக்கும்போது உதவித்தொகை வரும். இறந்தால் அடக்கச் செலவைச் சங்கம் ஏற்கும். வெள்ளையரின் சங்கங்கள் கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காப்பீட்டு நிறுவனங்களும் கதவைச் சாத்தின. புருடென்ஷியல் நிறுவனம் 1881-இல் கறுப்பின மக்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது: பிரீமியம் அதே அளவு, இழப்பீடு மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதே நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரடரிக் ஹாஃப்மன் 1896-இல், இந்த இனமே காப்பீட்டுக்குத் தகாதது என்று வாதிட்டு ஒரு நூலையே எழுதினார். இனவெறி புள்ளிவிவரத்தின் உடையில் வந்தது. சாவுக்குக்கூடத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டிய நிலையில்தான் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று சங்கங்களை வளர்த்தார்கள்.

அப்படி ஒன்றுதான் புனித லூக்கா சங்கம். 1867-இல் பால்டிமோரில் மேரி பிரௌட் என்ற கறுப்பினப் பெண் இதைத் தொடங்கினார். முதலில் பெண்களுக்கு மட்டும். பின்னர் ஆண்களும் சேர்ந்தார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் தனியாக வளர்ந்த கிளைகள் தன்னாட்சிச் சங்கமாக மாறின.

மேகி வாக்கர் அந்த ரிச்மண்டில் பிறந்தவர். அது உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகர். தாய் எலிசபெத் அடிமையாக இருந்தவர். வளர்ப்புத் தந்தை 1876-இல் ஆற்றில் பிணமாகக் கிடந்தார். அதன் பிறகு தாய் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் குடும்பத்தை நடத்தினார். அழுக்குத் துணியை எடுத்து வருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் சிறுமி மேகியின் வேலை. பிற்காலத்தில் மேடையில் நிற்கும்போது, தான் வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவள் இல்லை, தலையில் துணிக்கூடையோடு பிறந்தவள் என்று அவரே சொல்லியிருக்கிறார். வீடு வீடாகத் துணி வெளுத்துக் கொடுத்த நம் புதிரை வண்ணார் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த வரியை விளக்க வேண்டியதில்லை.

14 வயதில் சங்கத்தில் சேர்ந்தார். படித்து ஆசிரியரானார். மணமான பெண் ஆசிரியராக இருக்கக் கூடாது என்ற விதியால் 1886-இல் அந்த வேலை போயிற்று. சங்க வேலை மட்டும் விடவில்லை. 1895-இல் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று முன்மொழிந்தார். 1899-இல் சங்கத்தின் தலைமைச் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது.

வந்த நிலையைப் பாருங்கள். உறுப்பினர்கள் 1,080 பேர். 57 கிளைகள். கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கட்ட வேண்டிய பாக்கி 400 டாலர். முந்தைய செயலாளர் ஒதுங்கிக்கொண்டார். அவர் வாங்கிய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேகி வாக்கர் அந்த வேலையை ஏற்றார்.

முதல் வேலை பயணம். 1900-இல்தான் வர்ஜீனியாவில் ரயிலில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பெட்டி என்ற சட்டம் வந்தது. கறுப்பினப் பயணிக்கு வழியில் விடுதி கிடைக்காது, உணவகத்தில் இடம் கிடைக்காது. சொந்த மக்களின் வீடும் தேவாலயமும்தான் ஆதரவு. இப்படித்தான் அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், கிளைகளைத் தொடங்கினார், படுத்துவிட்ட கிளைகளைத் தூக்கி நிறுத்தினார். கால் நூற்றாண்டில் சங்கம் 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவியது. உறுப்பினர் எண்ணிக்கை பல பத்தாயிரங்களை எட்டியது.

நல்ல பேச்சாளர், அதனால் கூட்டம் சேர்ந்தது என்று இதை முடித்துவிடலாம். அவர் நல்ல பேச்சாளர்தான். ஆனால் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர் பத்தாண்டு கழித்தும் சந்தா கட்டுவாரா? அந்தச் சங்கத்தில் கட்டினார்கள். ஏன் என்பதற்கு எங்களுக்குத் தெரியும் காரணங்கள் சில.

ஒன்று, கொடுத்த வாக்கு. நோயில் படுத்தால் உதவித்தொகை, இறந்தால் அடக்கச் செலவு. இந்தச் சங்கத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சங்கம் கடன்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பணம் வந்து சேர்ந்ததைப் பார்த்தால் போதும், எந்தச் சுவரொட்டியும் தேவையில்லை.

இரண்டு, பெண்களும் பிள்ளைகளும். ரிச்மண்டில் கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்த வேலை வீட்டு வேலை, துணி வெளுப்பது, புகையிலை ஆலையில் இலை பிரிப்பது. சங்கத்தின் அலுவலகத்தில் அவர்கள் எழுத்தர்களானார்கள், கணக்காளர்களானார்கள். பின்னர் தொடங்கிய வங்கியின் இயக்குநர் குழுவிலும் பெண்கள் இருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சிறிய அட்டை உண்டியல் கொடுத்தார்கள். நூறு பென்னி, அதாவது ஒரு டாலர் சேர்ந்ததும் வங்கியில் அந்தப் பிள்ளையின் பெயரில் கணக்கு. பிள்ளை சேர்ந்தால் குடும்பமே சேர்ந்த மாதிரி என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூன்று, சங்கத்துக்கு அடுத்த வேலை ஒன்று எப்போதும் இருந்தது. 1901 ஆகஸ்ட்டில் சங்க மாநாட்டில் அவர் ஒரு திட்டத்தை வைத்தார். நமக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும், வங்கி வேண்டும், நம் பெண்களுக்கு வேலை தரும் தொழில் வேண்டும். நம் சில்லறைக் காசை நாமே ஒன்றாகப் போட்டு, நமக்குள்ளேயே கடன் கொடுத்து, அதன் பலனை நாமே எடுத்துக்கொள்வோம் என்பதுதான் சாரம். 1902-இல் 'செயின்ட் லூக் ஹெரால்டு' பத்திரிகை வந்தது. 1903 நவம்பர் 2 அன்று 'செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி' திறக்கப்பட்டது. முதல் நாளிலேயே 9,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. வெறும் 31 சென்ட் கொடுத்துக் கணக்குத் தொடங்கியவரும் அன்று வரிசையில் நின்றார். அமெரிக்காவில் ஒரு வங்கிக்கு உரிமம் பெற்றுத் தலைவரான முதல் கறுப்பினப் பெண் மேகி வாக்கர். 1920 வாக்கில் அந்த வங்கியின் கடனால் சுமார் 600 கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்கியிருந்தன.

நான்கு, போராட்டத்திலிருந்து சங்கம் ஒதுங்கி நிற்கவில்லை. 1902-இல் வர்ஜீனியாவின் புதிய அரசியல் சட்டம் கறுப்பின ஆண்களில் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. 1904-இல் ரிச்மண்ட் டிராம் நிறுவனம் இருக்கைகளை நிறம் பார்த்துப் பிரித்தது. மேகி வாக்கரும் 'பிளானட்' பத்திரிகை ஆசிரியர் ஜான் மிட்செலும் புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். மக்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள். அதே ஆண்டில் அந்த நிறுவனம் நொடித்தது. சந்தா வசூலிக்கவும் நோயாளியைப் பார்க்கவும் வீடு வீடாகப் போய்ப் பழகிய சங்கத்துக்கு, "நாளை முதல் டிராமில் ஏறாதீர்கள்" என்ற செய்தியைக் கொண்டுபோக வேறு வலைப்பின்னல் தேவைப்படவில்லை.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். டிராம் நிறுவனம் நொடித்தாலும் 1906-இல் மாநில அரசு அதே பாகுபாட்டைச் சட்டமாக்கிவிட்டது. 1905-இல் நகரின் முக்கியக் கடைவீதியில் சங்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை திறந்தது. கவுண்டரில் கறுப்பினப் பெண்கள் விற்பனையாளர்களாக நின்றார்கள். வெள்ளை வணிகர்கள் கூடிப் பேசி, இந்தக் கடைக்குச் சரக்குக் கொடுக்காதீர்கள் என்று மொத்த வியாபாரிகளை நெருக்கினார்கள். அதைவிட வலித்தது இன்னொன்று. சொந்த மக்களே போதுமான அளவில் வாங்க வரவில்லை. 1906-இல் ஆண்களுக்கென்று கூட்டிய ஒரு கூட்டத்தில் மேகி வாக்கர் இனவெறியைச் சிங்கத்தோடு ஒப்பிட்டார். நாம் அவர்கள் கடையில் கொடுக்கும் ஒவ்வொரு காசும் அந்தச் சிங்கத்துக்குப் போடும் தீனி, அதை நிறுத்துவதுதான் அதைக் கொல்லும் வழி என்றார். கைதட்டினார்கள். ஆனாலும் ஏழு ஆண்டுகளுக்குள் கடையை மூட வேண்டி வந்தது. நோயிலும் சாவிலும் சங்கத்தை நம்பியவர்கள், சேலை துணி வாங்க மட்டும் பழைய கடைக்கே போனார்கள். உறுப்பினர் என்பதால் எல்லாவற்றுக்கும் வந்துவிடுவார்கள் என்று எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இன்னொரு பாடம் அதே நகரத்தில் இருக்கிறது. 'ட்ரூ ரிஃபார்மர்ஸ்' என்ற கறுப்பினச் சங்கம் புனித லூக்கா சங்கத்தைவிட முன்பே பெரிதாக வளர்ந்தது. அடிமையாகப் பிறந்த வில்லியம் வாஷிங்டன் பிரௌன் அதை வளர்த்தார். சொந்த வங்கியும் இருந்தது. பிரௌன் இறந்த பிறகு, காசாளர் கையாடிய விவகாரம் வெளிவந்து 1910-இல் அந்த வங்கி மூடப்பட்டது. எளிய மக்களின் சேமிப்பு போயிற்று. சங்கமும் சரிந்தது. உறுப்பினர்கள் குறைவாக இருந்ததால் அது விழவில்லை, நிறையப் பேர் இருந்தபோதுதான் விழுந்தது. கணக்கை யாரும் கேட்காத இடத்தில் எண்ணிக்கை காப்பாற்றாது. மேகி வாக்கரின் வங்கி அந்தப் புயலைத் தாண்டியது. 1930-இல் பெருமந்தத்தின்போது வேறொரு கறுப்பின வங்கியோடு இணைந்து, அவர் இறந்த பின்னும் பல்லாண்டுகள் நடந்தது.

அவருடைய வழியில் நாங்கள் முழுதும் உடன்படவில்லை. சிக்கனமும் சேமிப்பும் மட்டும் இனவெறியைச் சாய்த்துவிடாது. கூலி குறைவாக இருப்பவரிடம் சேமி என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதை அவரும் உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறோம். 1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும் கறுப்பினப் பெண்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையில் இறங்கினார். 1921-இல் மாநிலக் கல்வித் தலைமைப் பதவிக்கு, கறுப்பினத்தவர் மட்டுமே நின்ற ஒரு பட்டியலில் போட்டியிட்டுத் தோற்றார். முழங்கால் காயம் முற்றிக் கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலிக்கு வந்தார். வீட்டில் லிஃப்ட் வைத்துக்கொண்டார், காரைத் தனக்கேற்ப மாற்றியமைத்துக்கொண்டார். வேலையை நிறுத்தவில்லை. 1934 டிசம்பரில் இறந்தார். ரிச்மண்டில் அவர் வாழ்ந்த வீடு இன்று தேசிய வரலாற்றுச் சின்னம்.

தோழர்களே, அடுத்த உறுப்பினர் சேர்க்கைக்கு முன் நாம் ஒரு வேலை செய்யலாம். புதுப் படிவம் அச்சடிப்பதற்கு முன் பழைய படிவங்களை எடுப்போம். அதில் இருப்பவர் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், யார் படுக்கையில் இருக்கிறார்கள், யார் வீட்டில் சாவு விழுந்தது என்று போய்ப் பார்ப்போம். வாங்கிய பணம் என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதித் தெருவில் ஒட்டுவோம். பெரிய நிதி எதுவும் நம்மிடம் இல்லை. 31 டாலரில் தொடங்கியவரிடமும் இருக்கவில்லை.

நாங்கள் அந்த அம்மாவின் தெருவுக்கு மறுபடி போகப் போகிறோம். இந்த முறை ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் போகவில்லை.