மூன்று பங்காகப் பிரிந்த மாதிரி

உணவுக் கலப்பட வழக்கின் முதல் சாட்சி, கடையில் எடுக்கப்படும் மாதிரி. அதை எப்படி எடுப்பது, எத்தனை பங்காக்குவது, எந்தப் பங்கு யார் கையில் இருப்பது என்ற விதிகள் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்தவை. உணவுச் சட்டத்தைக் கற்பிக்கும் பல்கலைக்கழகப் பாடங்கள் தண்டனைப் பிரிவுகளுக்குக் கொடுக்கும் அதே நேரத்தை இவற்றுக்கும் கொடுக்க வேண்டும். குற்றம் நிலைக்குமா என்பதைப் பல வழக்குகளில் இந்த விதிகளே முடிவு செய்திருக்கின்றன.

தொடக்கம் இங்கிலாந்தில். லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் பிரெடரிக் அக்கும் 1820இல் கலப்படம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1850களில் ஆர்தர் ஹில் ஹசல் என்ற மருத்துவர் கடைப் பொருள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ‘லான்செட்’ இதழ் அந்த முடிவுகளை விற்றவர்களின் பெயரோடு அச்சிட்டது. 1858இல் பிராட்ஃபோர்டு நகரில் ஆர்செனிக் கலந்த மிட்டாயைத் தின்று ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். சர்க்கரைச் செலவைக் குறைக்க ஜிப்சம் தூள் கலப்பது அன்று வழக்கம். மருந்துக்கடைப் பணியாளர் அதற்குப் பதில் தவறுதலாக ஆர்செனிக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். விபத்து நடக்காதிருந்தாலும் அந்த மிட்டாய் கலப்பட மிட்டாய்தான் என்பதை மறக்கக்கூடாது.

1860இல் வந்த சட்டம் பகுப்பாய்வாளரை நியமிப்பதை உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கு விட்டதால் பயன்படவில்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டமே வழி காட்டியது. மாதிரியை மூன்று பங்காக்கி, ஒன்றை விற்றவருக்கும் ஒன்றைப் பகுப்பாய்வுக்கும் கொடுத்து, மூன்றாவதைத் தகராறு வந்தால் பார்ப்பதற்கென வைத்துக்கொள்ளும் முறை அதில் உருவானது. விற்றவர் கையிலும் சான்று இருந்ததால், அரசின் ஆய்வை எதிர்த்து அவர் வாதாட முடிந்தது.

இந்தியாவில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 272, 273ஆம் பிரிவுகள் கலப்படத்தைக் குற்றமாக்கின. ஆனால் கலந்ததால் உணவு கேடு விளைவிப்பதாக மாறியது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பாலில் நல்ல தண்ணீர் ஊற்றியவரை இதன்கீழ்ப் பிடிப்பது கடினம். இந்த ஓட்டையை அடைக்க மாகாணங்கள் தனித்தனியே சட்டம் செய்தன: சென்னை 1918இல், வங்காளம் 1919இல், பம்பாய் 1925இல். விடுதலைக்குப் பின், நாடு முழுவதற்கும் பொதுவாக 1954இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டு, 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டமும் மூன்று பங்கு முறையையே ஏற்றது. பகுப்பாய்வாளரின் அறிக்கையை ஏற்காதவர் இன்னொரு பங்கை மத்திய உணவு ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரலாம். அதன் சான்றிதழே இறுதியானது. உரிமை ஏட்டில் இருந்தது. ஆனால் தயிர் காத்திருக்குமா? டெல்லி மாநகராட்சி – கிசா ராம் வழக்கில் மாதிரி எடுத்துப் பல மாதங்கள் கழித்தே வழக்குத் தொடுக்கப்பட்டது. அதற்குள் தயிர் கெட்டு, ஆய்வுக்கு உதவாமல் போயிற்று. அரசின் தாமதத்தால் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை பறிபோனது என்று கூறி, 1967இல் உச்ச நீதிமன்றம் அவரது விடுதலையை உறுதி செய்தது. நியாயமான தீர்ப்பு. பால், தயிர் மாதிரிகளில் 25 மில்லிலிட்டருக்கு 2 துளி ஃபார்மலின் சேர்க்க வேண்டும் என்ற விதி எவ்வளவு முக்கியமானது என்பதை இத்தகைய வழக்குகளே உணர்த்தின.

இதற்கிடையே தண்டனை கடுமையானது. 1964இல் குறைந்தது 6 மாதச் சிறை என்று திருத்தப்பட்டது. 1976இல், உயிர்ச்சேதம் விளைவிக்கும் கலப்படத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. அதே 1976ஆம் ஆண்டுத் திருத்தம், விற்றவருக்குப் பங்கு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, மீதி இரண்டு பங்குகளையும் உள்ளூர்ச் சுகாதார அதிகாரியிடம் வைத்தது. அறிக்கை கிடைத்த 10 நாளுக்குள் விற்றவர் மறு ஆய்வு கோர வேண்டியிருந்தது. சிறு கடைக்காரருக்கு அது மிகக் குறுகிய அவகாசம்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5இல் நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் நீங்கியது. தரம் குறைந்த உணவுக்குச் சிறைக்குப் பதில் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றானது. பாதுகாப்பற்ற உணவுக்குச் சிறை தொடர்கிறது. மாதிரி இப்போது நான்கு பங்காகிறது: ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு, நான்காவது, விற்பவர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு. பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். இரண்டு அறிக்கைகளும் முரண்பட்டால், நியமன அலுவலர் தம்மிடமுள்ள ஒரு பங்கை மைசூரில் உள்ளது போன்ற மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். அதன் முடிவே இறுதியாகும்.